பிளக் வைத்த பெட்டி

சேவுகன் விடியுமுன் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினான். பின்கட்டுக் கிணற்றில் இறைத்துக் குளித்தான். முக்குக் கடையில் ஒரு காபி குடித்தான். திரும்பி வந்து பட்டறை வாசல் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் அடுக்கினான். சார்ஜில் கிடந்த பேட்டரிகளின் மூடிகளைத் திருகி, ஆசிட் பார்க்கும் கண்ணாடிக் குழாயை அறை அறையாக விட்டு உறிஞ்சிப் பார்த்தான். குழாய்க்குள் மிதவை ஏறிய பேட்டரிகளை ஒரு பக்கமும் ஏறாதவற்றை மறுபக்கமும் நகர்த்தினான். சோடா உப்புத் தண்ணீரில் கையைக் கழுவினான். நேற்றும் இப்படித்தான். முந்தாநாளும் இப்படித்தான்.

பட்டறை நாச்சியப்பனுடையது. காரைக்குடியில் மோட்டார் சுற்றுவது, பேட்டரி சார்ஜ் செய்வது, கல்யாண வீட்டுக்கு விளக்குப் போடுவது எல்லாம் அங்கே நடக்கும். சேவுகன் பௌதிகம் படித்து பி.எஸ்ஸி. வாங்கியவன். சர்க்கார் வேலை வரும்வரை என்று வந்து உட்கார்ந்தவன் அங்கேயே தங்கிவிட்டான். பங்குனியில் அவன் மனைவி பொன்னழகு போய்ச் சேர்ந்தாள். தலைப்பிரசவம். பிள்ளையும் தங்கவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு பட்டறைக்கே வந்து சேர்ந்தான். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவனிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவன் அழுதிருந்தால் அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எழுபத்திமூன்றாம் வருஷம் அது. மின்வெட்டு பழகிப்போன காலம். பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தரும் இன்வர்ட்டர் பெட்டிகளைக் கோயம்புத்தூரில் சிலர் கையாலேயே செய்து விற்கத் தொடங்கியிருந்தார்கள். நாச்சியப்பன் இரண்டு தினுசு வாங்கிப் போட்டிருந்தார். ஒன்றில் வயரை உள்ளே விட்டு ஸ்குருவால் முடுக்கிப் பூட்டிவிட வேண்டும். போட்ட இடத்தில் அது கிடக்கும். இன்னொன்றின் முகத்தில் இரண்டு பிளக் பாயிண்ட் இருந்தன. எங்கே வேண்டுமானாலும் தூக்கிப்போய், எதை வேண்டுமானாலும் சொருகிக்கொள்ளலாம்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் கள்ளிவயலிலிருந்து கருத்தையா அம்பலம் வந்தார். கள்ளிவயல் பொன்னழகு பிறந்த ஊர். நாச்சியாபுரத்தில் பஸ்ஸை விட்டிறங்கிக் கண்மாய்க் கரை மேலே நடந்து போக வேண்டும். அந்த ஊருக்குக் கருத்தையாதான் தலைமை. மெதுவாகப் பேசத் தெரியாத மனிதர். பட்டறைக்குள் வந்ததும் அவருக்கே குரல் இறங்கிவிட்டது.

பொன்னழகு போன பிறகு ஊர் கூடி ஒரு பிரசவ அறை கட்டியிருந்தது. நர்ஸும் வந்துவிட்டாள். சுவரில் வயர் இழுத்து ஹோல்டர் மாட்டியாயிற்று. கரண்டு கம்பம் மட்டும் வரவில்லை. எப்போது வரும் என்று கேட்டால் அடுத்த மாசம் என்கிறார்கள். எல்லா மாசத்துக்கும் அடுத்த மாசம் ஒன்று இருக்கிறது என்றார் அம்பலம். ஊர்க்காரன் இருளாண்டியின் கிணற்றில் ஆயில் எஞ்சின் இருக்கிறது. அதன் பெல்ட்டில் ஒரு லாரி டைனமோவைக் கோத்துவிட்டால் தண்ணீர் இறைக்கிறபோதே பேட்டரியும் ஏறிக்கொள்ளும். இனி வேண்டியது பெட்டிதான்.

சேவுகன் இரண்டையும் மேஜைமேல் எடுத்து வைத்தான். அம்பலம் முதல் பெட்டியை நான்கு பக்கமும் தடவிப் பார்த்தார்.

“இதுல எங்குட்டு மாப்பிள்ளை சொருகுறது?”

“சொருக முடியாது மாமா. முடுக்கிப் பூட்டிற வேண்டியதுதான். செவுத்தோட செவுரா இருக்கும்.”

“வாயில்லாப் பூச்சியாவுல இருக்கு. அந்தா, வாயிருக்கே, அதைக் கொடுங்க.”

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. கள்ளிவயலில் ஊர்ப் பணத்தில் வாங்கிய பொருள் எதுவும் ஒரே இடத்தில் கிடந்ததில்லை. பெட்ரோமாக்ஸ் விளக்குகள், அண்டாக்கள், ஜமுக்காளம் எல்லாம் ஊர்ப் பொதுச் சாமான். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், சாவு என்று எந்த வீட்டில் எது நடந்தாலும் அவை அந்த வீட்டுக்குப் போய்விட்டு வரும். இல்லை என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை முறிந்தது என்று அர்த்தம். கூரைக்குள் பூட்டி வைத்த பொதுச் சாமான் என்று ஒன்றை அந்த ஊர் கண்டதில்லை.

சேவுகன் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். பிளக் இருந்தால் இன்றைக்கு ரேடியோ வரும், நாளைக்குச் சவுண்டு செட் வரும். சொருகிச் சொருகிப் பிளக் தளர்ந்து தீப்பொறி பறக்கும். ஒரு புத்திசாலி வயரின் இரண்டு முனையிலும் பிளக்கை வைத்து, ஒன்றைப் பெட்டியிலும் மற்றதைச் சுவரிலும் குத்துவான், ஒரு முனை கழன்று விழுந்தால் அதன் பித்தளை முள்ளில் கரண்டு நிற்கும், மிதிக்கிறவன் செத்தான். எல்லாவற்றுக்கும் அம்பலம் ஒரு பதில் வைத்திருந்தார். கடைசியில் சேவுகன் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

“எவன் வீட்டுக் காதுகுத்துக்கோ பாட்டுப் போட்டு பேட்டரி செத்துக் கெடக்கு. அன்னைக்கு ஒரு பிள்ளைக்கு வலி எடுத்தா என்ன செய்வீக?”

அம்பலம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பொன்னழகின் பெயரை இருவரும் சொல்லவில்லை. மனைவியைப் பறிகொடுத்தவனிடம் யாரும் வாதாடுவதில்லை. சேவுகனுக்கு அது தெரியும். அதுவரை அதை அவன் பயன்படுத்தியதில்லை; அன்றுதான் பயன்படுத்தினான். வாயில்லாப் பெட்டியே கள்ளிவயலுக்குப் போயிற்று.

பிரசவ அறை ஊருக்கு வடக்கே, முனியையா கோயிலைத் தாண்டி இருந்தது. அங்கேதான் ஒருவர் இடம் கொடுத்திருந்தார். பக்கத்திலேயே இருளாண்டியின் கிணறு இருந்ததால் டைனமோ வயரை அங்கிருந்து இழுத்துக்கொள்ள முடிந்தது. சேவுகன் அங்கே தன் படிப்பு, கைத்திறன் இரண்டையும் கொட்டி வேலை செய்தான். சுவரைக் குடைந்து இரும்புக் கதவு போட்டு, அதற்குள் பெட்டியையும் பேட்டரிகளையும் வைத்தான். வயர்களை முறுக்கி ஈயம் வைத்துப் பற்றினான். பெட்டியை நான்கு போல்ட்டால் சுவரோடு கட்டினான். சாவியை நர்ஸிடம் கொடுத்தான்.

நர்ஸ் சின்னத்தாயி பரமக்குடிப் பக்கத்துக்காரி. பூட்டிய விதம் அவளுக்கும் பிடித்திருந்தது. “என் அறைக்குத் தாழ்ப்பாள் ஒழுங்கா இல்ல சார். ஒங்க பெட்டி என்னைவிடப் பத்திரமா இருக்கு,” என்றாள். சேவுகன் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த முறை வந்தபோது ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்து மாட்டிவிட்டுப் போனான்.

முதன்முதலாக விளக்கு எரிந்த மாலையில் ஊரே வந்து பார்த்தது. பொன்னழகின் தாய் மலையம்மாள் மட்டும் வரவில்லை. சேவுகன் அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டான். அவள் பரிமாறினாள். பெட்டியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஊரில் ஆவணியும் புரட்டாசியும் பிரசவம் இல்லாமல் கழிந்தன. அவன் அவ்வப்போது பேட்டரிக்கு டிஸ்டில் வாட்டர் ஊற்ற வருவான், ஊற்றுவான், போவான். அந்த அறைக்குள் நிற்கும்போது மட்டும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சரியாக முடுக்கப்பட்டிருப்பதுபோல இருக்கும். இந்த வெளிச்சத்தை இனி யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

ஐப்பசி மழை இறங்கியது. அப்படி அவன் டிஸ்டில் வாட்டரோடு வந்திருந்த ஒரு நாள், பொழுது சாய்ந்து மாடுகள் திரும்பும் நேரத்தில் இருளாண்டி ஓடி வந்தான். கள்ளிவயலில் அவனுக்குச் சேவுகன் மச்சான் முறை. அவன் மனைவி காளியாயிக்கு வலி கண்டிருந்தது. தலைப்பிரசவம். சின்னத்தாயி பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். சேவுகன் விளக்கைப் போட்டு, கட்டிலின் விரிப்பைச் சரிசெய்து, வாசலில் நின்று பார்த்தான். வெகுநேரமாகியும் யாரும் வரவில்லை. அவனும் ஊருக்குள் போனான்.

இருளாண்டி வீட்டு வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். காளியாயி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வியர்வையில் நனைந்திருந்தாள். நர்ஸ் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினாள், பிறகு அதட்டினாள். காளியாயி படி இறங்கவில்லை. கருக்கலுக்குமேல் கர்ப்பிணி முனியையா வாசலைக் கடக்கமாட்டாள். அது கள்ளிவயலின் வழக்கம். பகலில் ஆயிரம் தரம் கடப்பாள். பொழுது சாய்ந்தால் எதற்காகவும் கடக்கமாட்டாள். கோயிலைச் சுற்றிப் போகலாமென்றால் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து வண்டித்தடம் மூழ்கிக் கிடந்தது.

“கண்ண மூடிக்கிட்டு வா. நான் கூட இருக்கேன்ல,” என்றாள் நர்ஸ்.

“மாட்டேன் சிஸ்டர். சொன்னாச் சொன்னதுதான்.”

“அங்குட்டு வெளிச்சம் போட்டு வச்சிருக்கு. இந்தச் சிமினி விளக்க வச்சுக்கிட்டு நான் என்னத்தப் பாக்க?”

காளியாயி மூச்சை இழுத்துவிட்டு, நர்ஸைத் தாண்டிச் சேவுகனைப் பார்த்தாள். “வெளிச்சம் அங்குட்டு இருந்தா எனக்கென்ன? நான் இங்குட்டுல கெடக்கேன்,” என்றாள்.

 முனியையா வாசல் வழக்கம் சேவுகனுக்குப் புதிதில்லை. பொன்னழகே சொல்லியிருக்கிறாள், ஏழாம் மாதத்தில் ஊருக்கு வந்திருந்தபோது பொழுதைப் பார்த்துப் பார்த்துத்தான் நடந்தாள். வயரின் கனம், பேட்டரியின் தெம்பு, பூட்டின் உறுதி எல்லாம் பார்த்தவன் இதைப் பார்க்கவில்லை. இடம் கொடுத்தவர் ஆண். கட்டியவர்கள் ஆண்கள். முடுக்கியவனும் ஆண். பிள்ளை பெறப் போகிறவள் எந்த வழியாக நடந்து வருவாள் என்று ஒருவனும் யோசிக்கவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து மலையம்மாள் வந்தாள். கையில் சுடுதண்ணீர்ப் பானை. பானையை இறக்கி வைத்துவிட்டு அவனிடம் வந்தாள்.

“மாப்பிள்ளை, அந்தப் பெட்டியக் கழத்த முடியாதா?”

“கழத்தக் கூடாதுன்னுதான் அயித்தை வச்சேன்.”

“வச்சவுகளுக்குக் கழத்தத் தெரியாதாக்கும்?”

அவன் திரும்பி ஓடினான். தன் வேலை எவ்வளவு நல்ல வேலை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. போல்ட்டுகள் அசையவில்லை. ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டிகள் உரிந்தன. ஈயம் வைத்துப் பற்றிய வயர்களை அவிழ்க்க முடியாமல் வெட்டினான். தான் செய்ததைத் தானே உடைப்பதில் அவனுக்கு ஒரு வேகம் வந்திருந்தது. பேட்டரிகளைக் கயிற்றில் கட்டி, கம்பில் கோத்து, இருளாண்டியும் அம்பலமும் தோளில் ஏற்றினார்கள். தூறலுக்கு உரச்சாக்கைப் போர்த்தினார்கள். பெட்டியைச் சேவுகன் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டான். முனியையா வாசலில் அம்பலம் நடந்தபடியே குனிந்து ஒரு கும்பிடு போட்டார். கம்பு சாய்ந்து பேட்டரி ஆடியது. இருளாண்டி வைதான். ஊர்த் தலைவரை ஒருவன் வைது அவர் வாயைத் திறக்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

இருளாண்டி வீட்டு வாசலில், தாழ்வாரத்துக் கீழே பெட்டியை வைத்தார்கள். சேவுகன் ஒரு நீள வயரைப் பெட்டியின் ஸ்குருவில் முடுக்கி, மறுமுனையில் ஹோல்டரும் பல்பும் மாட்டி, வெற்றுக் கம்பி எங்கும் தெரியாமல் டேப் சுற்றினான். கதவிடுக்கு வழியாக உள்ளே கொடுத்தான். பெட்டி முனகத் தொடங்கியது. கதவுக்கு அடியில் ஒரு கோடு வெளிச்சம் வந்து விழுந்தது.

ஆண்கள் உள்ளே போகமுடியாது. அவன் பெட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். வயர்ச் சுருள் அவன் கையில் இருந்தது. உள்ளே என்ன நடக்கிறதென்று அந்த வயர்தான் அவனுக்குச் சொன்னது. சற்று நேரம் சும்மா கிடக்கும். பிறகு ஓர் இழுப்பு. யாரோ விளக்கைத் தாழ்த்துகிறார்கள். மறுபடியும் இழுப்பு.

“இன்னும் விடுங்க சார்,” என்று நர்ஸின் குரல் கேட்டது.

அவன் விட்டான். சுருளில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. பெட்டியையே வாசற்படிவரை நகர்த்திக் கொடுத்தான். அம்பலம் ஒரு குடையை அவனுக்குப் பிடிக்காமல் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். இருளாண்டி தொழுவத்தில் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். காளியாயி கத்தியபோதெல்லாம் சேவுகன் பெட்டியின் மேல் கையை வைத்தான். அது சூடாக இருந்தது. இந்தச் சத்தத்தை அவன் பங்குனியில் கேட்டிருக்கிறான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்போது அவன் கையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

பிறகு வேறொரு குரல் கேட்டது. சின்னது, கோபமானது.

சின்னத்தாயி கதவைத் திறந்தாள். “பொம்பளப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லா இருக்காக. விளக்க அமத்திராதீக, எனக்கு இன்னும் வேலை கெடக்கு,” என்று சொல்லிவிட்டுச் சாத்திக்கொண்டாள். அம்பலம் குடையைக் கீழே போட்டுவிட்டு இருளாண்டியின் முதுகில் ஓங்கி ஒரு அடி கொடுத்தார். சேவுகன் எழ முயன்றான். கால் மரத்திருந்தது. பெட்டியைப் பிடித்தபடி மறுபடியும் உட்கார்ந்துவிட்டான்.  

சில நாளில் மழை விட்டதும் அவன் பிளக் வைத்த பெட்டியோடு கள்ளிவயலுக்கு வந்தான். அம்பலம் எதிர்பார்த்துத்தான் காத்திருந்தார்.

“என்ன மாப்பிள்ளை, வாயில்லாப் பூச்சி செத்துப்போச்சா?”

“நீங்கதான் ஜெயிச்சீக மாமா. நல்லாச் சொல்லிக்காட்டுங்க.”

அம்பலம் அவனை உற்றுப் பார்த்தார். அவன் பழையபடி கேலியாகப் பேசியதில் அவருக்கு மெத்தத் திருப்தி. அன்று முழுக்கச் சொல்லிக்காட்டினார்.

சேவுகன் பிரசவ அறையின் வயர்களைத் திருத்தினான். சுவரிலிருந்து வருகிற வயரின் முனையில் ஒரு பிளக். அதைப் பெட்டியில் சொருகினால் அறையில் விளக்கு எரியும். அதை உருவிவிட்டால் பெட்டி எந்த வீட்டுக்கும் போகும். கூடவே லாரிப் பட்டறைக்காரர்கள் வைத்திருப்பதுபோல் கம்பிக்கூடு போட்ட கைவிளக்கு ஒன்றையும் நீளமான வயரோடு வைத்தான். பேட்டரிகளுக்குக் கைப்பிடியோடு மரப்பெட்டி அடித்திருந்தான். இரண்டு முனையிலும் பிளக் வைத்து ஒரு வயர் தந்தால் தன் வீட்டுச் சுவருக்கும் கரண்டு ஏற்றிக்கொள்வேனே என்று இருளாண்டியே வந்து கேட்டான். அப்படி ஒன்று செய்தால் உன் சாவுக்குத்தான் ஊர்ச் சாமான் எடுக்க வேண்டிவரும் என்று சேவுகன் சொல்லி அனுப்பினான்.

பெட்டியை விசேஷங்களுக்கும் கொடுப்பதா என்று ஊர் கூடிப் பேசியது. சேவுகன் கொடுக்கலாம் என்றான். அவன் வாயிலிருந்து அது வரும் என்று யாரும் நினைக்கவில்லை. பெட்ரோமாக்ஸை வாங்கிப் போகிறவன் மண்ணெண்ணெயை நிரப்பித் திருப்பித் தருவதுபோல, பெட்டியை வாங்குகிறவன் இருளாண்டியின் எஞ்சினுக்கு டீசல் ஊற்றிப் பேட்டரியை ஏற்றித்தான் திருப்ப வேண்டும் என்று அம்பலம் தீர்ப்புச் சொன்னார். ஊரில் யாருக்காவது மாதம் நெருங்கிவிட்டதென்று நர்ஸ் சொல்லிவிட்டால் அம்பலத்தின் மகள் கல்யாணமாக இருந்தாலும் பெட்டி நகராது. சின்னத்தாயி எழுந்து, “அதைச் சத்தமாச் சொல்லுங்க. பின்னாடி எனக்குக் கேக்கலம்பீக,” என்றாள். அம்பலம் சத்தமாகச் சொன்னார். அது அவருக்குக் கஷ்டமான காரியமில்லை.

மாலை பஸ்ஸுக்குச் சேவுகன் கிளம்பியபோது மலையம்மாள் கண்மாய்க் கரைவரை கூட வந்தாள். கண்மாய் நிறைந்து கிடந்தது. காளியாயி மகளுக்குப் பொன்னழகு பெயரை வைக்கலாமா என்று கேட்டு ஆள் விட்டிருக்கிறாள் என்று சொன்னாள். அவன் சரியென்றான். கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

“மாப்பிள்ளை,” என்றாள் அவள். “எம்மக போறப்ப என்ன சொன்னான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாக. ஆத்தா ஆத்தான்னு கூப்பிட்டான்னு ஒருத்தி சொன்னா. பிள்ளையக் காட்டச் சொன்னான்னு ஒருத்தி சொன்னா. நான் ஒங்ககிட்டக் கேட்டதில்ல. கடைசியா என்ன சொன்னா?”

சேவுகன் நின்றான். அந்தக் கதைகள் அவன் காதுக்கும் வந்திருந்தன. எதையும் அவன் மறுத்ததில்லை.

“பெருசா ஒண்ணும் சொல்லல அயித்தை.”

“சின்னதாச் சொன்னதையே சொல்லுங்க.”

அவன் சொல்ல ஆரம்பித்தான். ஏழு மாதமாகச் சொல்லாத ஒன்று, இவ்வளவு எளிதாக வரும் என்று அவன் நினைக்கவில்லை. வலிக்கும் வலிக்கும் இடையில் அவள் நன்றாகத்தான் இருந்தாள். பிரசவம் பார்க்கும் அறைக்குள் கொண்டு போக ஆட்கள் வந்து நின்றார்கள். அவள் தலையைத் திருப்பி, பக்கத்துக் கட்டிலில் கிடந்தவளைக் கண்ணால் காட்டிச் சொன்னாள்.

“அவுக சுடுதண்ணி கேக்குறாக. நம்ம பிளாஸ்க்கக் கொடுங்க. மூடி லூசு, பாத்துத் தூக்கச் சொல்லுங்க.”